நாற்றுக்கு எவ்வளவு வெயில், எவ்வளவு நிழல்?

வீட்டுத்தோட்டத்துக்கான விதைப் பொதிகளை வழங்கி மூன்று கிழமைகள் கழிந்ததும், கல்முனைப் பகுதியில் புதிய வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்களைப் பார்க்கப் போயிருந்தோம். ஒரு வீட்டில் மாமி ஒருவர் அறையின் மூலையிலிருந்து பழைய பேசின் ஒன்றைத் தூக்கி வந்து முன்னால் வைத்தார். அதில் மிளகாய் நாற்றுகள் இருந்தன. எல்லாமே நூல் போல மெலிந்து, வெளிறி, யன்னல் இருந்த பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. தொட்டுப் பார்த்ததும் இரண்டு நாற்றுகள் மடிந்து விழுந்தன.

“நீங்க தந்த கடதாசில நெழல்ல வைக்கச் சொல்லித்தானே புள்ள இரிக்கி. நான் வெயிலே படாமத்தான் வெச்சிரிக்கன்” என்றார்.

அதே வீதியில் நான்கு வீடு தள்ளி இருந்த காக்கா ஒருவர், வெயில் இல்லாமல் என்ன பயிர் என்று, வெட்டவெளி மணலில் பாத்தி கட்டி விதைத்திருந்தார். அவருடைய நாற்றுகள் நன்றாகத்தான் முளைத்தன. முளைத்த நாலாம் நாள் அடித்தண்டு கருகி வரிசையாக விழுந்துவிட்டன.

இரண்டு வீட்டுக்கும் ஒரே விதை, ஒரே நாளில் கொடுத்தது. ஒன்று வெளிச்சம் போதாமல் போனது, மற்றது வெயில் தாங்காமல் போனது. மாமியின் வீட்டில் நடந்ததற்கு எங்களுக்கும் பொறுப்பு உண்டு. நாங்கள் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் “நாற்றுகளை நிழலில் வைக்கவும்” என்று ஒரே வரியில் எழுதியிருந்தோம். எப்போது, எவ்வளவு, எந்த நிழல் என்று எழுதவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

ஒரு நாற்றுமேடை அழிந்தால் நட்டமாவது விதை மட்டுமல்ல. மிளகாய், கத்தரி நாற்றுகளை மேடையில் வளர்த்தெடுக்க நான்கைந்து கிழமைகள் செல்லும். திரும்பவும் விதைத்து முடிக்கும்போது மாரி மழை தொடங்கிவிடும். வீட்டுக் கொச்சிக்காயைப் பறிக்க வேண்டிய காலத்தில் கடையில் வாங்க வேண்டி வரும்.

முன்பு இந்தப் பிரச்சினை ஏன் இருக்கவில்லை?

2004 டிசம்பர் 26 க்கு முன்னர் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோர வளவுகளில் தென்னை, மா, முருங்கை, வேம்பு என்று ஏதாவது மரம் நின்றது. உம்மாமார் விதையை எங்கே போட வேண்டும் என்று யோசித்ததில்லை. காலை வெயில் விழும், உச்சி வெயிலைத் தென்னோலை மறைக்கும் ஓர் இடம் வளவிலேயே இருந்தது. கிணற்றடியில் எறிந்த விதையும் முளைத்து வளர்ந்தது.

கடலுக்குக் கிட்டிய நிலத்தில் மீண்டும் வீடு கட்டத் தடை வந்ததால் பலர் உள்ளே தள்ளிக் குடியேற நேர்ந்தது. சில இடங்களில் வயல்நிலத்தைக் கிறவல் போட்டு நிரப்பி வீடுகள் கட்டப்பட்டன. இந்த வளவுகளில் இன்னும் மரமில்லை. மதிலோரம் கடும் நிழல், மதிலைத் தாண்டினால் கடும் வெயில். இடைத்தரமான வெளிச்சம் தானாகக் கிடைப்பதில்லை. அதை நாமே அமைத்துக் கொடுக்க வேண்டும்.

நெல்லை வயலில் நேரடியாக வீசி விதைத்துப் பழகிய பிரதேசம் எங்களுடையது. மரக்கறி நாற்றுக்கு அந்தப் பழக்கம் முழுமையாக உதவாது. எனவே முதலில் நாற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

விதைக்குள் இருக்கும் கையிருப்பு

ஒவ்வொரு விதையும் தனக்குத் தேவையான முதல் உணவைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. முகாமில் கிடைத்த உலர் உணவுப் பொதி போல, அது கொஞ்ச நாளைக்குத்தான் போதும். அந்த நாட்களுக்குள் முளை மண்ணைக் கிழித்து வெளியே வந்து, பச்சை இலையை விரித்து, சூரிய வெளிச்சத்தைக் கொண்டு தன் உணவைத் தானே செய்யத் தொடங்க வேண்டும். பாடசாலைப் புத்தகத்தில் ஒளித்தொகுப்பு என்று படித்தது இதைத்தான்.

மிளகாய், கத்தரி, தக்காளி விதைகள் முளைப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை. ஈரமும் சூடும் போதும். அதனால்தான் விதைத்த பாத்தியை வைக்கோலால் மூடச் சொல்கிறோம். ஆனால் முளை வெளியே தலைகாட்டிய நிமிடத்திலிருந்து கணக்கு மாறிவிடுகிறது. கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது, உழைப்புத் தொடங்க வேண்டும். அந்த நேரத்திலும் வைக்கோலை எடுக்காமல் விட்டால், அல்லது இருண்ட அறையில் வைத்திருந்தால், நாற்று பட்டினி கிடக்கிறது.

கீரை விதை மிகச் சிறியது, அதன் கையிருப்பும் சிறியது. ஆழமாகப் புதைத்தால் வெளியே வருமுன்னரே உணவு முடிந்துவிடும். விதையின் தடிப்பைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆழம் எந்த விதைக்கும் போதும்.

இருட்டில் ஏன் நீளுகிறது?

புல்தரையில் ஒரு பலகையைப் போட்டு ஒரு கிழமை கழித்துத் தூக்கிப் பாருங்கள். கீழே இருக்கும் புல் வெள்ளையும் மஞ்சளுமாக, வழமையை விட நீளமாக இருக்கும். பார்ப்பவருக்கு அது வேகமாக வளர்ந்தது போலத் தோன்றும். உண்மையில் அது வெளிச்சத்தைத் தேடி ஓடியிருக்கிறது.

மண்ணுக்குள் இருக்கும் முளைக்கு இது நல்ல குணம். மேலே வர வேண்டுமென்றால் தண்டை நீட்டத்தான் வேண்டும். இலையை விரிப்பதையும், வேரைப் பரப்புவதையும், பச்சையத்தை உண்டாக்குவதையும் பிற்போட்டுவிட்டு, இருக்கும் உணவு முழுவதையும் தண்டின் நீளத்துக்கே செலவிடுகிறது. வெளிச்சம் பட்டதும் நீளுவதை நிறுத்தி, தடித்து, பச்சையாகிறது. அறைக்குள் வைத்த நாற்று தான் இன்னும் மண்ணுக்குள் இருப்பதாகவே நடந்துகொள்கிறது. அதனால் நீண்டு, மெலிந்து, வேரில்லாமல் நிற்கிறது. எமது மணற்பாங்கான மண்ணில் இப்படிப்பட்ட நாற்றை நட்டால், கச்சான் காற்று இரண்டு நாள் அடித்ததும் வாடிவிடும்.

“அறை வெளிச்சமாகத்தானே இருந்தது” என்று பலர் கேட்கிறார்கள். இங்கே எமது கண் எம்மை ஏமாற்றுகிறது. வெட்டவெளியில் நண்பகல் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு இலட்சம் லக்ஸ். யன்னலிலிருந்து சற்றுத் தள்ளிய அறைக்குள் அது சில நூறு லக்ஸ்தான். எமது கண்மணி விரிந்து அந்தக் குறையைச் சரிசெய்துகொள்வதால் வித்தியாசம் தெரிவதில்லை. நாற்றுக்கு அந்த வசதி இல்லை.

யன்னல் பக்கம் சாய்வது

மாமியின் நாற்றுகள் யன்னலை நோக்கிச் சாய்ந்திருந்தன அல்லவா? இதை முதலில் கவனமாகச் சோதித்தவர்களுள் ஒருவர் சார்ள்ஸ் டார்வின். அவரும் மகன் பிரான்சிஸும் புல் நாற்றுகளின் நுனிக்கு வெளிச்சம் புகாத சிறு தொப்பி போட்டுப் பார்த்தார்கள். தொப்பி போட்டவை சாயவில்லை, போடாதவை சாய்ந்தன. வெளிச்சத்தை நுனி உணர்கிறது, வளைவது அதற்குக் கீழே என்று 1880 இல் வெளியான நூலில் எழுதினார்கள். நுனியிலிருந்து இறங்கி வளர்ச்சியைத் தூண்டும் பொருளொன்று இருப்பதைப் பின்னர் 1920 களில் நெதர்லாந்தில் வென்ற் என்பவர் பரிசோதனை மூலம் காட்டினார். அதைத்தான் ஒட்சின் என்கிறோம். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் வந்தால், ஒட்சின் இருண்ட பக்கத்தில் கூடுதலாகச் சேர்கிறது. அந்தப் பக்கம் கூடுதலாக நீள, நாற்று வெளிச்சத்தின் பக்கம் வளைகிறது.

இதிலிருந்து எமக்குக் கிடைக்கும் பாடம்: நாற்று ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அது வெளிச்சம் போதவில்லை என்று சொல்கிறது. பாத்திரத்தைத் திருப்பி வைப்பது முதலுதவி. வெளியே கொண்டுவருவதே வைத்தியம்.

மரநிழலும் கிடுகு நிழலும் ஒன்றல்ல

அயல் வளவில் அடர்ந்த மாமரம் நின்றால் அதன் கீழ் நாற்றுமேடை போட மனம் சொல்லும். ஆனால் இலையின் ஊடாக வரும் வெளிச்சம் வேறு. இலைகள் தமக்குத் தேவையான சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, எமது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தொலைசிவப்பு ஒளியைக் கீழே விடுகின்றன. நாற்றில் உள்ள ஒரு நிறப்பொருள் இந்த இரண்டு ஒளியின் அளவையும் ஒப்பிட்டு, “என் தலைக்கு மேல் வேறு செடி நிற்கிறது, அதைத் தாண்டி உயர வேண்டும்” என்று முடிவெடுக்கிறது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் விஞ்ஞானிகளான போத்விக்கும் ஹென்றிக்ஸும் 1952 இல் சலாது விதைகளைக் கொண்டு இந்த ஒப்பீட்டை வெளிப்படுத்தினார்கள். அந்த நிறப்பொருளுக்குப் பின்னர் பைற்றோகுரோம் என்று பெயர் வந்தது.

ஆகவே ஒரே அளவு நிழலாக இருந்தாலும், அடர்ந்த மரத்தின் கீழ் நாற்று கூடுதலாக நீளும். கிடுகு, பழைய சாக்கு, இரண்டு மூன்று மடிப்பாக விரித்த பழைய மீன்வலை ஆகியவற்றின் நிழல் வெளிச்சத்தைக் குறைக்கிறதே தவிர அதன் தன்மையை மாற்றுவதில்லை. நாற்றுக்கு அதுவே நல்லது. நாற்றுகளை நெருக்கமாக விட்டாலும் இதே கதைதான். பக்கத்து நாற்றின் இலையே நிழலாகி, ஒன்றையொன்று முந்த நீளும். விரலிடை விட்டுக் களைந்துவிடுங்கள்.

வெயில் கூடினால்

காக்காவின் நாற்றுக்கு வெளிச்சம் குறைவில்லை. இளம் நாற்றால் உச்சி வெயிலில் ஒரு பங்கைத்தான் உணவாக மாற்ற முடியும். மிச்சம் சூடாக மாறுகிறது. முளைத்து நாலு நாளான வேர் ஆழமாக இறங்கியிருக்காது. மேல்மணல் காய்ந்ததும் அதற்கு நீர் கிடைப்பதில்லை. இலை நீரை மிச்சம்பிடிக்கத் தன் துளைகளை மூடிக்கொள்ள, இலை மேலும் சூடேறுகிறது. வெறுங்காலை வைக்க முடியாத மணலைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மெல்லிய தண்டு, மண் மட்டத்தில் வெந்து சுருங்குகிறது. நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். மருந்து தேவையில்லை. பாத்தியின் மேல் மெல்லிய கூட்டெருப் படையும், நடுப்பகலில் சில மணித்தியால நிழலும் இருந்தால் போதும்.

எமது கரையில் சூரியன் எந்தப் பக்கம்?

இங்கே திசையை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கடல் கிழக்கு, வயல் மேற்கு. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலம் கூட வித்தியாசமில்லை. எனவே பகலின் நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது நிழல் விழும் பக்கம்.

ஏப்ரல் 9 ஆம் திகதியளவிலும் செப்டெம்பர் 3 ஆம் திகதியளவிலும் கல்முனையில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இந்த இரண்டு காலங்களிலும் நாற்றுக்கு உச்சி வெயில் மிகக் கடுமை. செப்டெம்பர் பெரும்போகத்துக்கு நாற்றுப் போடும் மாதம் என்பதை மறக்க வேண்டாம். அதன் பின்னர் சூரியன் தெற்கே சாய்கிறது. டிசம்பரில் எட்டடி மதிலின் நண்பகல் நிழல் வடக்கே ஏறக்குறைய ஐந்தடி விழும். அந்தக் காலத்தில் மதிலின் வடக்குப் பக்கத்தில் நாற்று வைத்தால் வெயிலே கிடைக்காது. சிறுபோகத்தில் இது மாறி, நிழல் சற்றுத் தெற்கே விழும்.

எந்தப் போகத்துக்கும் பொருந்தும் இடம் வீட்டின் கடல் பக்கம், அதாவது கிழக்குச் சுவருக்கு அருகே. சூரியன் எழும்பியது முதல் ளுஹர் வரை வெயில் கிடைக்கும். அதன் பின்னர் வீடே நிழல் கொடுக்கும். அந்தப் பக்கம் உயர்ந்த மதில் இருந்தால் நாற்றுப் பாத்திரங்களை மூன்றடி உயரத்தில் தட்டொன்றின் மேல் வையுங்கள். கடற்காற்று நேராக அடித்தால் கிடுகினால் இடுப்பளவு மறைப்புப் போதும்.

நாள் வாரியாகச் செய்ய வேண்டியவை

1. விதைத்த அன்று: ஈரமான பாத்தியை மெல்லிய வைக்கோலால் மூடுங்கள். தக்காளி ஒரு கிழமைக்குள் முளைக்கும். மிளகாய் பத்து நாள் வரை எடுக்கலாம். நாலாம் நாளிலிருந்து தினமும் காலையில் வைக்கோலைத் தூக்கிப் பாருங்கள்.

2. முதல் முளைகள் தெரிந்த அன்று: அஸருக்குப் பின் வைக்கோலை முழுவதும் எடுத்துவிடுங்கள். அடுத்த நாளுக்குத் தள்ள வேண்டாம்.

3. முளைத்த முதற் கிழமை: காலை 10 மணி வரையும், அஸருக்குப் பின்னரும் நேர் வெயில். இடையில் மூன்றடி உயரப் பந்தலில் கிடுகு நிழல். ஒரு கிடுகுக்கும் மற்றதுக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டு, வடக்குத் தெற்காகப் போடுங்கள். சூரியன் நகர நகர நிழற்கோடும் பாத்தியின் மேல் நகரும். எந்த நாற்றும் ஒரே இடத்தில் வெந்துகொண்டிருக்காது.

4. இரண்டாம் கிழமை: கிடுகின் இடைவெளியை அகலமாக்குங்கள். நிழல் 11 மணி முதல் 2.30 வரை போதும்.

5. மூன்றாம் கிழமை: உச்சி வெயிலில் இலை வாடினால் மட்டும் நிழல். வாடாவிட்டால் தேவையில்லை.

6. நடுவதற்கு முந்திய கிழமை: முழு வெயில். நீரையும் கொஞ்சம் குறையுங்கள். தண்டு தடித்து, இலை கடும் பச்சையாகும்.

7. நடும் நாள்: மாலையில் நடுங்கள். மூன்று நான்கு நாளைக்கு மேற்குப் பக்கமாக ஓர் ஓலைத்துண்டைக் குத்தி வையுங்கள்.

மாரியில் வானம் மூடியிருக்கும் நாட்களில் கிடுகு வேண்டாம். மழைத்துளியைத் தடுக்கத் தெளிவான பொலித்தீனை உயரமாகக் கட்டி, நாலு பக்கமும் திறந்து விடுங்கள். வெயில் வந்ததும் அதை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் உள்ளே வெப்பம் ஏறிவிடும். தகரத்தை எந்தக் காலத்திலும் நாற்றுக்குக் கூரையாக்க வேண்டாம்.

கையை நீட்டிப் பாருங்கள்

அளவுகருவி தேவையில்லை. ளுஹர் நேரத்தை அண்டிப் பாத்திக்கு மேலே ஓரடி உயரத்தில் உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். ஐந்து விரலும் வெட்டி எடுத்தது போலத் தெரிந்தால் அது முழு வெயில். கையின் உருவம் தெரிந்து ஓரம் மங்கலாக இருந்தால் இளம் நாற்றுக்கு ஏற்ற வெளிச்சம். நிழலே தெரியாவிட்டால் நாற்று நீளத் தொடங்கும், இடத்தை மாற்றுங்கள்.

எங்களிடம் கேட்கப்பட்ட சில கேள்விகள்

*மாடி வீட்டில் இருக்கிறோம், வளவு இல்லை. என்ன செய்வது?*
காலை அல்லது மாலை வெயில் நேராக விழும் பல்கனியில் யோகட் கப், வெட்டிய போத்தல் ஆகியவற்றில் நாற்றுப் போடலாம். அடியில் துளை இருக்க வேண்டும். தினமும் அரைச் சுற்றுத் திருப்புங்கள். பின்பக்கச் சுவர் வெள்ளையாக இருந்தால் அதிலிருந்து தெறிக்கும் வெளிச்சமும் உதவும்.

*இரவில் மின்குமிழ் எரிய விட்டால் நல்லதா?*
வீட்டுக் குமிழின் வெளிச்சம் சூரியனோடு ஒப்பிட ஒன்றுமில்லை. மின்கட்டணம்தான் கூடும்.

*வெண்டி, பயற்றை, பூசணிக்கும் இப்படிச் செய்ய வேண்டுமா?*
இல்லை. அவற்றின் விதை பெரியது, கையிருப்பும் அதிகம். முழு வெயில் விழும் இடத்தில், நிரந்தரமாக வளரும் குழியிலேயே நேரடியாக விதையுங்கள்.

*நாற்று ஏற்கனவே நீண்டுவிட்டது. எறிந்துவிடவா?*
நீண்ட தண்டு திரும்பச் சுருங்காது. தக்காளி என்றால் கவலையில்லை. முதல் இலைகள் வரை ஆழமாக நடுங்கள், புதைந்த தண்டில் புதிய வேர் வரும். மிளகாய், கத்தரியைப் படிப்படியாக வெயிலுக்குக் கொண்டுவந்து, அடியில் மண் அணைத்து விடுங்கள். தேறினால் நல்லது. நம்பி இருக்காமல் அன்றே கொஞ்சம் புதிதாக விதைத்தும் வையுங்கள். நீண்ட நாற்றை நேராக உச்சி வெயிலில் வைப்பதை மட்டும் செய்ய வேண்டாம். ஒரே நாளில் வெந்துவிடும்.

கடைசியாக ஒன்று

பொதியில் உள்ள விதை முழுவதையும் ஒரே நாளில் போட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கை நன்றாக மூடக்கூடிய காய்ந்த போத்தலில் போட்டு, சூடில்லாத இடத்தில் வையுங்கள். முதல் மேடை தவறினால் இன்னொரு பொதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மேலும் ஐயம் இருந்தால் உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் சந்தியுங்கள். நாற்றில் ஒன்றிரண்டை மண்ணோடு எடுத்துச் சென்று காட்டினால் விளக்குவது இலகு.

எமது துண்டுப்பிரசுரத்தில் இருந்த அந்த ஒரு வரியை நீக்கிவிட்டோம். அதற்குப் பதிலாக இனி இப்படி இருக்கும்: “முளைக்கும் வரை மூடுங்கள். முளைத்த அன்றே திறவுங்கள். முதல் இரண்டு கிழமை நண்பகலில் மட்டும் நிழல் கொடுங்கள்.”

அந்த மாமிக்கு வேறு விதை கொடுத்தோம். இம்முறை அதே பேசினைக் கடல் பக்கச் சுவரோரம், பழைய கதிரை ஒன்றின் மேல் வைத்திருந்தார். நாங்கள் போனபோது நாற்றுகள் ஒரு சாண் கூட உயரமில்லை. ஆனால் தண்டு தடித்து, இலை கரும்பச்சையாக, ஒன்றும் சாயாமல் நின்றன. “கட்டையா இரிக்கே புள்ள, வளருமா?” என்று கேட்டார். வளரும் என்று சொல்லிவிட்டு வந்தோம்.